சாதியைக் கேட்காமல் கேட்கும் கேள்விகள்

மும்பையில் இரண்டு தமிழர்கள் முதன்முதலாகச் சந்தித்துக் கொண்டால், டீ வருவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்.

"அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் எது?"

பிழைக்க வந்த இடத்தில் ஊர்க்காரர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்ற ஆசையில் கேட்கப்படும் கேள்வி இது. "திருநெல்வேலிப் பக்கம்" என்று பதில் வந்தால் முகம் மலர்ந்துவிடும். ஆனால் பேச்சு அதோடு நிற்பதில்லை. "திருநெல்வேலியில் எந்த ஊர்?" என்பது இரண்டாவது கேள்வி. "ஊரில் எந்தத் தெரு?" என்பது மூன்றாவது. "குலதெய்வம் எது?" என்பது நாலாவது. இதற்கும் பிடி கிடைக்காவிட்டால், "நீங்க நம்ம ஆளுங்கதானே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்களும் உண்டு.

இத்தனை கேள்விகளிலும் சாதி என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் கேட்டது சாதியைத்தான். கேட்டவருக்கும் அது தெரியும். பதில் சொன்னவருக்கும் தெரியும்.

"நேரடியாகக் கேட்டால் மனம் புண்படும். அதனால்தான் நாகரிகமாகக் கேட்கிறோம்" என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். பதில் தெரிந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் அந்த நாகரிகத்தின் லட்சணம் புரியும்.

வாடகைக்கு அறை கேட்டுப் போகிறவருக்கு, "வீட்டுக்காரரிடம் கேட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று பதில் கிடைக்கிறது. அந்த நாளை வருவதே இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், "ஜாதகம் பொருந்தவில்லை" என்று தகவல் வருகிறது. யாரும் யாரையும் திட்டவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. ஆகவே புகார் கொடுக்கவும் இடமில்லை. ஆனால் அறையும் கிடைக்கவில்லை, சம்பந்தமும் கூடவில்லை.

மூன்றாவது கட்டம்

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. 1929-ம் ஆண்டு செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போடப்பட்டது. அந்த விதை முளைத்துப் பரவி, இன்று சொந்தப் பெயரும் அதற்கு முன் ஓர் இனிஷியலும் இருந்தால் போதும் என்ற வழக்கம் வந்திருக்கிறது.

மும்பையில் அது செல்லாது. இங்கே மனு எதுவானாலும் மூன்று கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம் சொந்தப் பெயருக்கு. இரண்டாவது தகப்பனார் பெயருக்கு. மூன்றாவது குடும்பப் பெயருக்கு. ஊரிலிருந்து வந்தவருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. சிலர் தாத்தாவின் பெயரை எழுதினார்கள். சிலர் ஊர்ப் பெயரை எழுதினார்கள். பலர் சாதியின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவரே ஒன்றைப் போட்டுவிட்டார். நாடார், தேவர், கோனார், பிள்ளை என்று ஊரில் பாட்டனார் விட்டுவிட்ட பட்டம், மும்பையில் பேரனின் ரேஷன் கார்டில் வந்து உட்கார்ந்து கொண்டது.

அவர்களுக்காவது அது ஒரு பெருமை என்று வைத்துக் கொள்ளலாம். "ஹரிஜன்" என்பதையே குடும்பப் பெயராகச் சுமக்கும் தமிழ்க் குடும்பங்களும் இந்த நகரில் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது அந்தப் பையனின் சாதி தினந்தோறும் உரக்க வாசிக்கப்படுகிறது.

இதில் இன்னொரு வேதனை இருக்கிறது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ள வகுப்பைச் சேர்ந்தவர், பிழைப்புக்காக வேறு மாநிலம் போனால் அங்கே அந்த மாநிலத்தின் சலுகையைக் கோர முடியாது என்று 1990-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஆந்திராவிலிருந்து தகப்பனாரோடு பம்பாய்க்கு வந்து, மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட ஒரு மாணவரின் வழக்கு அது. 2018-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சும் இதை உறுதி செய்தது. ஆகவே 1950-க்குப் பிறகு இங்கே வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கு, மகாராஷ்டிர அரசின் கல்லூரி இடத்துக்கும் வேலைக்கும் அந்தச் சாதி உதவாது. ஆனால் குடும்பப் பெயரில் மட்டும் அது ஒட்டிக் கொண்டிருக்கும்.

பெயரை யார் வைப்பது?

"ஹரிஜன்" என்பது திட்டுவதற்காக உண்டான சொல் அல்ல. தீண்டப்படாதவர் என்ற சொல்லுக்குப் பதிலாக, கடவுளின் மக்கள் என்ற பொருளில் காந்தியடிகள் 1932-ல் அதை வழக்கத்துக்குக் கொண்டு வந்தார். மறு வருடம் அதே பெயரில் ஒரு வாரப் பத்திரிகையும் தொடங்கினார். நல்ல எண்ணத்தோடு வைக்கப்பட்ட பெயர்தான்.

ஆனால் பெயர் வைக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. 1938 ஜனவரியில் பம்பாய் சட்டசபையில் ஒரு மசோதாவில் "ஹரிஜன்" என்ற சொல் வந்தபோது, டாக்டர் அம்பேத்கரும் அவருடைய கட்சியினரும் எதிர்ப்புத் தெரிவித்து வெளிநடப்புச் செய்தார்கள். எங்களை எந்தப் பெயரால் அழைப்பது என்பதை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 1972-ல் இதே பம்பாயில் இளைஞர்கள் சிலர் கூடி "தலித் பேந்தர்" இயக்கத்தைத் தொடங்கினார்கள். நசுக்கப்பட்டவர் என்ற பொருள் தரும் "தலித்" என்ற சொல்லை அவர்கள் தாங்களே எடுத்துக் கொண்டார்கள். அதில் இனிப்பு எதுவும் இல்லை. நடந்ததை அப்படியே சொல்லும் சொல் அது. சாதிச் சான்றிதழ்களில் "ஹரிஜன்" என்று எழுத வேண்டாம் என்று மத்திய அரசு 1982-ல் எழுதியது.

தமிழ்நாட்டிலும் இந்த விவாதம் பழையது. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் "பறையன்". பிறர் வசையாக வீசிய சொல்லையே தலைப்பில் போட்டு, எங்களுக்கு என்ன வெட்கம் என்று நிமிர்ந்து நின்றார். எம்.சி. ராஜா வேறு வழியில் போனார். 1922-ல் சென்னை சட்டசபையில் அவர் கொண்டு வந்த தீர்மானத்தின் பேரில், அரசாங்கப் பதிவேடுகளில் பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதில் "ஆதிதிராவிடர்" என்ற பெயர் வந்தது.

ஒருவர் பழைய பெயரைப் பிடித்துக் கொண்டார். மற்றவர் புதுப் பெயர் கேட்டார். இரண்டையும் முடிவு செய்தது சம்பந்தப்பட்டவர்களே. மரியாதை என்பது அதுதான்.

பலகை மாறியது

2020-ல் மகாராஷ்டிர அமைச்சரவை, சாதியின் பெயரால் அழைக்கப்படும் குடியிருப்புகளுக்கெல்லாம் சமதா நகர், பீம் நகர் போன்ற பெயர்களை வைப்பது என்று முடிவு செய்தது. 2025 ஏப்ரலில் தமிழக முதல்-மந்திரி, "காலனி" என்ற சொல் ஒடுக்குமுறையின் அடையாளமாகிவிட்டது என்று கூறி, அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று சட்டசபையில் அறிவித்தார். துப்புரவுப் பணியாளர்கள் "தூய்மைப் பணியாளர்கள்" என்று அழைக்கப்படுவார்கள் என்ற அறிவிப்பு 2020-ல் வந்தது.

இவை எல்லாம் நல்ல காரியங்கள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் பெயரோடு காரியம் முடிந்துவிட்டதா?

கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைக்கக்கூடாது என்று 1993-ல் ஒரு சட்டமும், இன்னும் கடுமையாக 2013-ல் ஒரு சட்டமும் வந்தன. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் பாதாளச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதும் குற்றம். அப்படியும் சாவுகள் நின்றபாடில்லை. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. முன்பு இருந்த 10 லட்சத்தை உயர்த்த வேண்டிய நிலை வந்தது என்றால், குழிக்குள் இறங்குவது நிற்கவில்லை என்றுதான் அர்த்தம். இறங்குகிறவர் பெரும்பாலும் எந்தச் சாதியைச் சேர்ந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த உண்மையைப் பேசாமல், புதுப் பெயரை மட்டும் பேசிக் கொண்டிருந்தால் அது மரியாதை ஆகாது. மூடி மறைப்பதுதான்.

"மனதில் பட்டதைச் சொல்கிறேன்"

இதற்கு நேர் எதிரான ஒரு கூட்டமும் இருக்கிறது. "எனக்கு நடிக்கத் தெரியாது. உள்ளதை உள்ளபடி பேசுவேன்" என்று சொல்லிக் கொண்டு, வாயில் வந்ததைப் பேசுகிறவர்கள் அவர்கள்.

அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்பது மும்பைத் தமிழனுக்குப் புதிதல்ல. 1960-களில் "மார்மிக்" என்ற மராத்தி வாரப் பத்திரிகையில், பெரிய கம்பெனிகளிலும் ஆபீஸ்களிலும் வேலை பார்த்த தென்னாட்டவர்களின் பெயர்கள் பட்டியலாக வந்தன. படித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்பது அதன் தலைப்பு. உள்ளதைத்தானே போடுகிறோம் என்பது அவர்கள் வாதம். 1966-ல் சிவசேனா தொடங்கியது. லுங்கிக்காரனை விரட்டு என்ற கோஷம் தெருவில் கேட்டது. இட்லிக் கடைகளில் கண்ணாடி உடைந்தது.

தமிழரையும் மலையாளியையும் தெலுங்கரையும் ஒன்றாகச் சேர்த்து "மதராஸி" என்று அழைக்கும் வழக்கம் இன்றும் போகவில்லை. சென்னை மாநிலம் என்ற பெயர் 1969 ஜனவரி 14-ந் தேதியோடு போய்விட்டது. மதராஸ் நகரத்தின் பெயரும் 1996-ல் சென்னை ஆகிவிட்டது. மதராஸி மட்டும் இருக்கிறார்.

இந்தச் சொல் காதில் விழும்போது நமக்குச் சுருக்கென்று தைக்கிறது. ஆனால் உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த டாக்சிக்காரரை "பையா" என்று இளக்காரமாகக் கூப்பிடும் தமிழர் எத்தனை பேர்? அண்ணன் என்ற பொருள் உள்ள சொல்தான் அது. சொல்லுகிற தொனியில் வசையாகிவிட்டது. மணிப்பூரிலிருந்தோ நாகாலாந்திலிருந்தோ வந்த பெண்ணைப் பார்த்து "சிங்கி" என்று சிரிக்கும் தமிழ்ப் பையன்கள் எத்தனை பேர்?

வடகிழக்கு மக்களை அப்படி அழைப்பவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்கலாம் என்றும், ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கக் கூடும் என்றும் மத்திய உள்துறை 2012-ல் மாநிலங்களுக்கு எழுதியது. அதற்குப் பிறகும், 2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைச் சிலர் கேலி செய்தார்கள். வாய்ச்சண்டை அடிதடியாகி, மறுநாள் அவர் இறந்தார். வெறும் கேலிப் பேச்சில் தொடங்கியது அது.

வாய்க்கு வந்ததைப் பேசுவது உண்மை பேசுவது ஆகாது. அடுத்தவரைப் பற்றி ஒன்றும் தெரிந்து கொள்ளாமலே பேசுவதற்கு அது ஒரு வசதி. அவ்வளவுதான்.

ஆபீசில் நடக்கும் பேச்சு

மத்திய அரசு ஆபீஸ்களில் "கேட்டகிரி" என்று ஒரு மரியாதையான சொல் உலவுகிறது. பிரமோஷன் லிஸ்டு வந்த அன்று கேன்டீனில் இந்தச் சொல்லை அதிகம் கேட்கலாம். "அவர் கேட்டகிரி ஆள். அதனால் வந்துவிட்டார்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார்கள். அவர் மேஜையை நெருங்கினால் பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறும்.

இதைவிட, அவரையும் உட்கார வைத்துக் கணக்கை வெளிப்படையாகப் பேசலாம். மத்திய அரசின் நேரடி நியமனத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம், 1993-லிருந்து பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம், 2019-லிருந்து மற்ற வகுப்புகளில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு 10 சதவீதம். பிற்படுத்தப்பட்ட வகுப்பில் வேலைக்கு வந்த ஒருவர், தாழ்த்தப்பட்டவரை மட்டும் "கேட்டகிரி" என்று சொல்வது எந்த நியாயம்? அந்த மேஜையில் இருக்கும் பலரும் ஏதாவது ஒரு கேட்டகிரியில் வந்தவர்கள்தானே?

ஒதுக்கீடு சரியா, தப்பா என்று வாதாடலாம். அவர் முகத்துக்கு நேரே வாதாடலாம். அது அவரைச் சமமாக மதிப்பது. முதுகுக்குப் பின்னால் மெல்லிய சொல்லில் பேசுவது அப்படியல்ல.

என்ன செய்யலாம்?

பெரிய காரியம் எதுவும் வேண்டியதில்லை. ஒருவரை அவர் விரும்பும் பெயரால் அழைக்க வேண்டும். ஊரைக் கேட்டால் ஊரோடு நிறுத்திக் கொள்ள வேண்டும். அறை கொடுக்க மனமில்லாதவர் "நாளைக்கு வாங்க" என்று அலைக்கழிக்கும்போது, பக்கத்தில் நிற்கும் தமிழர் "ஏன் இல்லை?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

மூன்றாவது கட்டத்துக்கும் வழி இருக்கிறது. அதில் சாதியைத்தான் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தாத்தா பெயரை எழுதலாம். ஊர்ப் பெயரை எழுதலாம். ஏற்கெனவே எழுதிவிட்டவர்கள் மாநில அரசு கெசட்டில் அறிவித்து மாற்றிக் கொள்ளலாம். சாதிச் சான்றிதழ் வாங்குவதற்குப் பெயருக்குப் பின்னால் சாதி இருந்தாக வேண்டும் என்பதும் கிடையாது.

2024 மே 1-ந் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு மகாராஷ்டிர அரசு ஆவணங்களில் தாயார் பெயரும் சேர்க்கப்பட வேண்டும். ஆக, கட்டம் நாலாகிவிட்டது. அந்தக் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் நாள் தூரத்தில் இல்லை. கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதை மனு எழுதிக் கொடுப்பவரிடம் விடாமல், தாயும் தகப்பனும் இப்போதே பேசி முடிவு செய்து வைத்துக் கொள்வது நல்லது.