ராஞ்சோ செக்கோ வாக்கெடுப்பு

ராஞ்சோ செக்கோ வாக்கெடுப்பு என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஓர் அணுமின் நிலையத்தைத் தொடர்ந்து இயக்குவதா மூடுவதா என்பதை 1989 ஜூன் 6 அன்று வாக்காளர்களே முடிவு செய்த நிகழ்வாகும்.

நிலையத்தின் உரிமையாளரான 'ஸ்மட்', சாக்ரமெண்டோ வட்டாரத்தின் பொதுத்துறை மின்வழங்கல் அமைப்பு ஆகும். அதன் இயக்குனர் அவையை அப்பகுதி மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். ஆகவே இங்கு மக்கள் பங்கேற்பு கருத்துக்கேட்புக் கூட்டத்துடன் நின்றுவிடவில்லை.

913 மெகாவாட் திறனுடைய இந்நிலையம் 1975 இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. அடிக்கடி பழுதுற்றதால், தன் வாழ்நாளில் திறனில் பாதியளவு மின்சாரத்தைக்கூட அது தரவில்லை. 1985 டிசம்பர் 26 அன்று கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு மின்சாரம் தடைப்பட்டு, உலை அளவுக்கு மீறி விரைவாகக் குளிர்ந்தது. பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மூடிக்கிடந்தது. பழுதுபார்க்கும் செலவும் வெளியே வாங்கிய மின்சாரத்தின் விலையும் மின்கட்டணத்தில் ஏறின.

1988 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில், நிலையத்தைச் சிறிது காலம் இயக்கிப் பார்க்க மக்கள் இசைந்தனர். மறு ஆண்டில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினர் எதிர்த்து வாக்களித்தனர். மறுநாளே உலை நிறுத்தப்பட்டது. இதனை அணு எதிர்ப்பின் வெற்றி என்று மட்டும் கொள்வது பொருந்தாது. பாதுகாப்பு அச்சத்துடன் கட்டண உயர்வும் மக்களின் மனத்தை மாற்றியது.

1990களில் ஸ்மட் மின்சிக்கனத்தில் கவனம் செலுத்தியது. வீடுகளின் குளிரூட்டித் தேவையைக் குறைக்க நிழல்தரும் மரக்கன்றுகளை இலவசமாக வழங்கியது. பயன்படுத்திய அணு எரிபொருள் இன்றும் அவ்விடத்திலேயே காக்கப்படுகிறது. அதை அகற்றும் பொறுப்பு நடுவண் அரசினுடையது.