உடம்புக்குள் ஒரு சங்கு

எங்கள் தங்கவயலில் கடிகாரம் இல்லாத லைன் வீட்டிலும் மணி தெரியும். ஷிப்டு மாறினால் சுரங்கச் சங்கு ஊதும். ராத்திரி ஷிப்டு முடித்து வரும் அப்பா ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பார், தூக்கம் வராது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அவர் உடம்பு ஏன் அந்தச் சங்குக்கு அடங்கவில்லை என்பது, சென்ற மாதம் என் பித்தப்பை ஆபரேஷனின்போதுதான் புரிந்தது.

எனக்குக் குறித்த நேரம் வியாழக்கிழமை பகல் 2 மணி. "ராகு காலமாயிற்றே, காலையில் கேளுங்கள்" என்றாள் மனைவி. கேட்டேன். டாக்டர் சிரிக்காமல் விளக்கினார்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. விடியலுக்கு முன் ஏறத் தொடங்கி, கண்விழிக்கும் வேளையில் உச்சம் தொட்டு, நடுநிசியில் அடங்கிவிடும். புண்பட்ட இடம் சிவந்து வீங்கும் அழற்சியைக் கட்டுப்படுத்துவதும் இதுவே. கத்தி பட்டதும் உடம்பு அதைக் காயமாகவே எண்ணி, எந்த நேரமானாலும் கார்டிசாலைக் கூட்டுகிறது.

இந்த ஒழுங்கை நடத்தும் கடிகாரம் மூளையில் இருக்கிறது. அதற்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். கேஜில் ஏறி மேலே வந்ததுமே அப்பாவின் கண்ணில் காலை வெயில் பட்டிருக்கும். பிறகு தூக்கம் எப்படி வரும்? இருட்டிலும் இக்கடிகாரம் நிற்பதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் குகை வௌவால்களிடம் இதை ஆராய்ந்தார்கள்.

சரி, எந்த நேரம் நல்லது? பிரான்சின் லீல் நகரில் இதய வால்வு மாற்றிய 596 பேரை 500 நாட்கள் கவனித்தார்கள். பிற்பகலில் செய்துகொண்டவர்களுக்குப் பெரிய இதயக் கோளாறுகள் குறைவு. இதயத் தசைக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு, அதுவே காரணம் என்று 2017-இல் எழுதினார்கள். ஆனால் பிற இடங்களின் ஆய்வுகள் எல்லாம் இதை ஆமோதிக்கவில்லை. பித்தப்பைக்கு அந்தக் கணக்கைப் போட முடியாது. குடல்வால் வெடிக்கும் நிலையில் மணி பார்ப்பது ஆபத்து.

டாக்டர் என்னிடம் கேட்டவை வேறு: ராத்திரி வேலையா, தூக்கம் எப்படி, ஸ்டீராய்டு மாத்திரை உண்டா? அம்மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் அட்ரினல் சோம்பிவிடும். ஆபரேஷனில் தேவையான கார்டிசாலைச் சுரக்காது. ஆகவே அதை மறைக்கக் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது.

எனக்கு முந்தைய நோயாளிக்கு நேரம் நீண்டது. என்னை உள்ளே அழைத்தபோது மணி மூன்றரை. மனைவிக்குப் பரம திருப்தி.