ரேடார் கேபிளும் பிரெட் பையும்: பாலிதீன் கதை

இந்த வார எபிசோட்ல கடலுக்கடியில போற இன்டர்நெட் கேபிள் பற்றிப் பேசினோம். அதுக்குள்ள மின்சாரம் கொண்டுபோற செப்பைச் சுத்தி ஒரு பிளாஸ்டிக் உறை இருக்குன்னு சொல்லிட்டு வேகமா கடந்துட்டோம். அந்த உறை பாலிதீன். உங்க வீட்டு பிரெட் பையும் பெரும்பாலும் அதேதான். சொல்லப்போனா, கேபிள்தான் அதோட முதல் வேலை. பேக்கேஜிங் பிறகுதான் வந்தது.

1933 மார்ச். இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் வின்னிங்டன் என்ற ஊர். அங்கே ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் இருவரும் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடையும் கடும் அழுத்தத்தில் சூடாக்கினாங்க. எதிர்பார்த்தது வரலை. மெழுகு மாதிரி கொஞ்சம் வெள்ளைப் பொருள்தான் மிஞ்சியது. திரும்பச் செய்து பார்த்தா வெடிச்சுது. நம்ம பாஷையில, ரீப்ரொட்யூஸ் பண்ண முடியாத பக்.

1935ல மைக்கேல் பெரின் குழு அதை மறுபடி முயன்றது. கருவியில் கசிவு. ஈடுகட்ட மேலும் எத்திலீனை ஏத்தினாங்க. அதோட சேர்ந்து வந்த துளி ஆக்சிஜன்தான் வினையைத் தொடங்கி வெச்சது. காரணம் பிடிபட்டதும் தொழிற்சாலை எழுந்தது. 1939 செப்டம்பரில், போர் தொடங்கிய அதே நேரத்தில், முழு உற்பத்தியும் தொடங்கியது.

பாலிதீன் வெறும் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலி. மின் முனைகள் இல்லாததால அதிவேக அலைவரிசையிலும் சிக்னலை வெப்பமா வீணாக்காது. தண்ணியும் உறிஞ்சாது, வளைக்கவும் வளையும். விமானத்துக்குள்ள ரேடார் வைக்க இப்படி ஒரு கேபிள் உறைதான் தேவைப்பட்டது. அதனால போர் முடியும்வரை இது பிரிட்டனின் ரகசியப் பொருளாவே இருந்தது.

1953ல ஜெர்மனியில் கார்ல் சீக்லர், குறைந்த அழுத்தத்திலேயே இதைத் தயாரிக்கும் வினையூக்கியைக் கண்டுபிடிச்சார். பழைய முறையில் வரும் சங்கிலி ட்ரீ மாதிரி கிளை விடும். நெருக்கமா அடுங்காது, அதனால மென்மை. பிரெட் பை, பபிள் ராப் எல்லாம் இந்த வகை, எண் 4. சீக்லர் முறையில் வருவது லிங்க்ட் லிஸ்ட் மாதிரி நேர்ச் சங்கிலி. நெருங்கி அடுங்கும், உறுதி அதிகம். பால் பாட்டில், ஷாம்பு பாட்டில் இந்த வகை, எண் 2.

கைப்பிடி வெச்ச ஷாப்பிங் பையை ஸ்வீடனின் ஸ்டென் குஸ்டாஃப் தூலின் வடிவமைச்சார். 1965ல அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பையை மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது அவரோட பழக்கம் என்று அவர் மகன் சொல்லியிருக்கார். பைக்குள்ள பை அடைச்சு வெக்கிற நம்ம அம்மாக்களைக் கிண்டல் பண்றோமே, அந்தப் பொருளைச் சரியாப் பயன்படுத்துறது அவங்கதான்.

ஏன்னா, கேபிளுக்கு வரமா இருந்த அதே சங்கிலிதான் குப்பையில சிக்கல். நுண்ணுயிர்கள் பிடிச்சுத் தின்ன அதில் எளிதான இடமே இல்லை. கடலடி கேபிளுக்குப் பல ஆண்டு உழைக்கணும், சரி. கடையிலிருந்து வீடு வர்ற பத்து நிமிஷத்துக்கு அது எதுக்கு?

என் வேலையில இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு ஆபீஸுக்குப் புது லேப்டாப் மாத்தும்போது, ஒவ்வொரு சார்ஜருக்கும் ஒரு பை, ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு பை. சாயங்காலம் மூலையில ஒரு மலை. எல்லாத்தையும் ரீசைக்ளிங் தொட்டியில போட்டா போதும்னு பலர் நினைக்கிறாங்க. ஆனா மெல்லிய பை, தரம் பிரிக்கும் இயந்திரத்தின் சுழலும் தண்டுகளில் சுத்திக்கும். ஆலையை நிறுத்தி, ஆள் இறங்கி வெட்டி எடுக்கணும்.

முக்கோணக் குறியும் நம்மைக் குழப்புது. 1988ல அமெரிக்க பிளாஸ்டிக் துறை கொண்டுவந்த அந்த எண், இது எந்த வகை பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்லுது. ரீசைக்கிள் ஆகும் என்று உறுதி தரலை.

அதனால ரெண்டு விஷயம். எண் 2 பாட்டிலைக் கழுவித் தொட்டியில போடுங்க. அதுக்குச் சந்தை இருக்கு. மெல்லிய பைகளைச் சேர்த்து வெச்சு, உங்க ஊர் சூப்பர்மார்க்கெட்ல தனிப் பெட்டி இருந்தா அங்க போடுங்க. ஆபீஸ்ல ஆர்டர் போடுறவங்களா இருந்தா, மொத்தப் பேக்கிங்ல அனுப்ப முடியுமான்னு சப்ளையரிடம் முதல்லயே கேட்டுப் பாருங்க.