இலங்கையை விலகிப் போகும் ரொக்கெட்

கிழக்கிலங்கையின் வாகரைக் கரையிலிருந்து வடக்கே, கடலுக்கு அப்பால் 600 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் இந்தியாவின் ரொக்கெட் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. பூமியைப் படம்பிடிக்கும் செய்மதிகள் பெரும்பாலும் துருவங்களின் மேலாகச் சுற்றுபவை. அவற்றை ஏற்றிச் செல்லும் ரொக்கெட் ஏறக்குறைய நேர் தெற்கே பறந்தாக வேண்டும். அந்த நேர்கோட்டில் இருப்பதோ இலங்கையின் பருத்தித்துறை!

கழன்று விழும் பாகங்கள் ஊர்மனைகள் மேல் விழக்கூடாது. அதனால் இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் முதலில் தென்கிழக்காக வங்கக் கடலுக்கு மேல் பாய்ந்து, இலங்கையை வலப்புறம் விட்டுவிட்டு, அதன் பிறகே தெற்கே திரும்புகிறது.

44 மீற்றர் உயரமான ஒன்றைப் பறக்கும்போதே எப்படித் திருப்புவது? இரண்டாம் கட்டத்தில் விடை எளிது. வாகரை மீனவர் படகின் வெளியிணைப்பு இயந்திரத்தைச் சரித்துத் திசை மாற்றுவதைப் போல, அங்கே திரவ எரிபொருளில் இயங்கும் விகாஸ் இயந்திரமே சற்றுச் சாய்ந்து கொடுக்கும்.

முதற்கட்டத்தில் அது நடக்காது. 138 தொன் திண்ம எரிபொருள் நிரம்பிய அந்த உருளையின் அடியில் தீ கக்கும் கூம்புக்குழாய் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கிறது. இங்கேதான் பொறியியலின் அழகு. ஸ்ரொன்டியம் பெர்குளோரேற்று என்ற உப்பின் கரைசலை, குழாயின் ஒரு பக்கச் சுவர்த் துளைகள் வழியே, சீறிப்பாயும் வாயுவுக்குள் பீச்சுகிறார்கள். ஒலியை மிஞ்சிய வேகத்தில் போகும் வாயு அந்தத் தடையில் முட்டி அதிர்வலையை உண்டாக்குகிறது. அந்தப் பக்கத்தில் அமுக்கம் ஏறி, ரொக்கெட்டின் அடிப்பாகம் பக்கவாட்டில் தள்ளப்பட, மூக்கு திசை மாறுகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு பீச்சுவது என்பதைக் கணினி கணத்துக்குக் கணம் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் டைட்டன் III ரொக்கெட்டும் வேறொரு திரவத்தைக் கொண்டு இதே உத்தியைக் கையாண்டது. கிழக்கிலங்கைப் பள்ளிக்கூடங்களில் வரைபடத்தை விரித்துவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் இது.

 

ஆனால் வளைந்து போவதற்கு விலை உண்டு. திரும்புவதற்கும் எரிபொருள் செலவாவதால் செய்மதியின் எடையைக் குறைக்க வேண்டும். பெரிய ரொக்கெட் அதைத் தாங்கிக்கொள்ளும். இந்தியாவின் சிறிய ரொக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.க்கு அது பேரிழப்பு. தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரபட்டினத்தில் 2024 பெப்ரவரி 28 அன்று புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டதற்கு இதுவே முக்கிய காரணம். அங்கிருந்து தெற்கே திறந்த கடல்தான். இலங்கை கிழக்கே ஒதுங்கி நிற்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குக் கிளம்பும் பி.எஸ்.எல்.வி.க்கோ இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பாலான அந்த வளைவுப் பாதைதான் வழி.