அண்ணன் விலை தங்கம். தம்பி விலை மலிவு!

ஒன்றரைக் கிலோ காளானுக்கு 3 லட்சத்து 30 ஆயிரம் டாலர்!

2007-ம் ஆண்டு டிசம்பரில் நடந்த ஏலத்தில் இந்த விலையைக் கொடுத்தவர், மக்காவ் கோடீசுவரர் ஸ்டான்லி ஹோ. வாங்கிய பொருள், இத்தாலியில் பைசா நகரத்தின் அருகே தோண்டி எடுத்த வெள்ளை டிரபிள்.

டிரபிள் என்பது மண்ணுக்குள்ளேயே விளையும் காளான். பார்ப்பதற்கு உருளைக்கிழங்கு போல இருக்கும். மரத்தின் வேரோடு ஒட்டி வாழும். மரம் அதற்குச் சர்க்கரைச் சத்தைக் கொடுக்கும். அது மரத்துக்குத் தண்ணீரும் தாதுச் சத்தும் தேடிக் கொடுக்கும்.

இந்தக் காளானுக்கு ஒரு தம்பி உண்டு. பெயர், பியாங்கெட்டோ. "சின்ன வெள்ளை" என்று பொருள். தம்பியின் விலை, அண்ணன் விலையில் ஒரு சிறு பங்குதான்!

கண் ஏமாறும்

இரண்டுக்கும் வெளிறிய தோல். வெட்டினால், இரண்டின் உள்ளேயும் வெள்ளைக் கோடுகள். எனவே, தம்பியை அண்ணன் என்று சொல்லி விற்றால், வாங்குகிறவர் பணம் பறிபோகும்!

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சாட்சி, மூக்கு. அண்ணனிடம் பூண்டு, பாலாடைக்கட்டி, தேன் எல்லாம் கலந்த மணம் வீசும். அதைச் சமைப்பது இல்லை. சுடச்சுட உள்ள உணவின் மேல் பச்சையாகச் சீவிப் போடுவார்கள். தம்பியிடம் பூண்டு நெடிதான் தூக்கலாக இருக்கும்.

இரண்டாவது சாட்சி, மாதம். அண்ணன் கிடைப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தம்பி கிடைப்பது ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை. இத்தாலி 1985-ம் ஆண்டு போட்ட சட்டத்திலும் இந்தப் பருவக் கணக்கு உண்டு. தோண்டி எடுத்த டிரபிள் நெடுநாள் தாங்காது. ஆகவே, மார்ச் மாதத்தில் ஒருவர் "இன்று எடுத்த வெள்ளை டிரபிள்" என்று விற்றால், அது தம்பிதான்!

அப்போதும் சந்தேகமா? பூதக்கண்ணாடி போதாது, மைக்ராஸ்கோப் வேண்டும். இரண்டின் வித்துகள் மேலும் வலை போன்ற பின்னல் இருக்கும். அண்ணன் வலையில் கண்கள் பெரியவை. தம்பி வலையில் கண்கள் சிறியவை.

தோட்டத்துக்கு வராத அண்ணன்

தம்பியைத் தோட்டத்தில் வளர்த்துவிட்டார்கள். அண்ணன் லேசில் மசியவில்லை. பிரான்சு நாட்டுத் தோட்டம் ஒன்றில் அது காய்த்ததாக விஞ்ஞானிகள் அறிவித்ததே 2021-ம் ஆண்டில்தான். இன்றும் பெரும்பாலும் காட்டில் தேடித்தான் எடுக்கிறார்கள்.

தேடுவது, பழக்கிய நாய். அண்ணனோ தம்பியோ, மணம் வந்த இடத்தில் அது மண்ணைப் பறிக்கும். எசமான் கையால் ஒரு ரொட்டித் துண்டு கிடைத்தால், அதற்குப் போதும்!