3 வயசு வரை முதுகில் ஏறாதீங்க! மட்டக்குதிரை குட்டியை பழக்குவது எப்படி?

குதிரை என்றதும் செஞ்சி, வல்லம் பக்கத்து ஜனங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ராஜா தேசிங்குதான். டெல்லி பாதுஷாவிடம் இருந்த முரட்டுக் குதிரை மேல் யாராலும் ஏற முடியவில்லை, சின்னப் பையனான தேசிங்கு ஏறி அடக்கிக் காட்டினான் என்று கதைப் பாட்டு சொல்கிறது. 1714-ல் ஆற்காடு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு மோதி தேசிங்கு உயிரை விட்டான். அவன் ஆண்ட செஞ்சிக் கோட்டையில் குதிரை லாயம் இன்றும் நிற்கிறது. 2025 ஜூலையில் இந்தக் கோட்டை யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியலிலும் இடம் பிடித்தது.

கதையில் ஒரே நாளில் குதிரை அடங்கிவிடும். நிஜத்தில் அப்படி நடக்காது. ஆசைப்பட்டு குட்டி வாங்கி, அவசரப்பட்டு ஏறி, அதன் காலைக் கெடுத்தவர்கள் உண்டு. உதை வாங்கி தன் காலை முறித்துக்கொண்டவர்களும் உண்டு. போட்ட பணமும் போச்சு, வாயில்லா ஜீவனும் பாழ். முதன்முதலாக குட்டி வளர்ப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

பல்லைப் பார்த்து வாங்குங்க

மட்டக்குதிரை என்பது குதிரையின் குட்டி அல்ல. வளர்ந்த பிறகும் தோள் உயரம் 4 அடி 10 அங்குலத்தை தாண்டாத தனி வகை. அதனால் உயரத்தை வைத்து வயசு சொல்ல முடியாது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோவில் திருவிழாவில் குதிரை சந்தை கூடும். அங்கே வாங்கினாலும் சரி, தரகர் மூலம் வாங்கினாலும் சரி, வாயைத் திறந்து பாருங்கள். முன்வரிசையில் நடுப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைப்பது இரண்டரை வயசில். அதற்கு அடுத்த பல் மூன்றரை வயசில். ஓரத்துப் பல் நாலரை வயசில். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரையை கட்டாயம் பார்க்கணும்.

பிறந்த அன்னைக்கு 1, 2, 3

தாய்க் குதிரை 11 மாதம் சுமக்கும். குட்டி பிறந்தால் 1, 2, 3 கணக்கை மறக்காதீர்கள். 1 மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்கணும். 2 மணி நேரத்தில் பால் குடிக்கணும். 3 மணி நேரத்தில் தாய்க்கு நஞ்சுக்கொடி விழணும். இதில் எது தவறினாலும் கால்நடை டாக்டரை கூப்பிட்டுவிட வேண்டும். முதல் நாள் சீம்பால்தான் குட்டிக்கு நோய் எதிர்ப்பு சக்தி. ஒரு நாள் தாண்டினால் அந்த சக்தி குட்டியின் உடம்பில் ஏறாது.

4 முதல் 6 மாதத்துக்குள் பால் மறக்க வைக்கலாம். அதற்குள் பசும்புல் மேய கற்றுக்கொண்டிருக்கும். ஊற வைத்த கொள்ளு நல்லதுதான். ஆனால் சீக்கிரம் கொழுக்கட்டும் என்று வாரிக் கொட்டக்கூடாது. தானியம் அதிகமானால் குளம்புக்குள் அழற்சி வந்து நடக்கவே முடியாமல் போகும். இந்தத் தொல்லை மட்டக்குதிரைக்குத்தான் சீக்கிரம் வரும். நம்ம பக்கம் கடலைக்கொடி தாராளமாக கிடைக்கும். பூசணம் பிடித்ததை மட்டும் போடாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கெட்ட தீனி உள்ளே போனால் வயிற்று வலியில் உருண்டு புரளும். உயிரே போகலாம்.

பழக்குவது எப்படி?

முதல் வருஷம்: தினமும் தொட்டுத் தடவுங்கள். தலைக்கயிறு மாட்டி தாயோடு சேர்த்து நடத்துங்கள். காலைத் தூக்கிப் பிடித்து குளம்பை தட்டிப் பழக்குங்கள். 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை குளம்பை சீவ வேண்டும். இப்போது கால் கொடுக்க பழகினால்தான் பின்னால் லாடம் அடிக்க விடும்.

இரண்டாவது வருஷம்: நீளக் கயிற்றில் நடக்கவும் நிற்கவும் பழக்கலாம். ஒரு தடவைக்கு 10, 15 நிமிஷம் போதும். கடிவாளத்தை வாயில் சும்மா போட்டு பழக்குங்கள், இழுக்காதீர்கள். பஸ் ஹாரன், மேளச் சத்தம் எல்லாம் தூரத்தில் இருந்து கேட்டு பழகட்டும்.

மூன்று வயசுக்கு மேல்: முதுகில் சேணம் வைத்து நடத்திப் பாருங்கள். பிறகு எடை குறைந்த ஆளை கொஞ்ச நேரம் ஏற்றலாம், அல்லது வெறும் வண்டியில் பூட்டலாம். முழு வேலை 4 வயசுக்கு மேல்தான். ஏன் இவ்வளவு காத்திருக்கணும்? குட்டி பார்க்க வளர்ந்த மாதிரி இருந்தாலும் முழங்கால் எலும்பு முனை இறுகவே இரண்டரை, மூன்று வருஷம் ஆகும். முதுகெலும்பு இறுக 5 வயசு தாண்டும். அதற்குள் பாரம் ஏற்றினால் ஆயுசுக்கும் நொண்டிதான்.

அடிச்சா கத்துக்காது

குதிரை பயந்த சுபாவம் உள்ளது. அடித்தால் பாடம் மனசில் நிற்காது, அடித்த ஆள்தான் நிற்பார். கயிற்றை லேசாக இழுங்கள். ஒரு அடி எடுத்து வைத்ததும் உடனே தளர்த்துங்கள். சொன்னதைக் கேட்டால் தொல்லை நிற்கும் என்று அதுவே புரிந்துகொள்ளும்.

குதிரைக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு அடியிலும் கண் தெரியாது. அதனால் பக்கவாட்டில், தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். காதை பின்னால் படிய வைத்தால் கோபம், விலகி நில்லுங்கள். கயிற்றை கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மிரண்டு ஓடினால் விரல் போய்விடும், ஆளையும் இழுத்துப் போகும்.

சட்டம் என்ன சொல்லுது?

வேலைக்கு லாயக்கில்லாத வயசில் பிராணியை வேலை வாங்குவது 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டப்படி குற்றம். 1965-ல் வந்த விதிகளின்படி மட்டக்குதிரை முதுகில் 70 கிலோவுக்கு மேல் சுமை ஏற்றக்கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியசை தாண்டினால் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்கக்கூடாது.

சின்னக் காயத்திலும் ரண ஜன்னி வந்து குதிரை செத்துப்போகும். அதனால் அரசு கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி, குடற்புழு மருந்து பற்றி கேட்டு போட்டுவிடுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற இலவச எண்ணுக்கு போன் செய்யலாம்.

நன்றாக வளர்த்த மட்டக்குதிரை 25 வருஷத்துக்கு மேலும் வாழும். முதல் 3 வருஷம் பொறுத்துக்கிட்டா, மீதி 20 வருஷம் அது உங்களுக்கு உழைக்கும்.