மூட்டுவலிப் பொடி வயிற்றில் செய்யும் வேலை

தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் முழங்கால் தேய்ந்த பெரியவர்களுக்குக் குறைவில்லை. "மூணு நாள் இந்த ஜாமுவைக் குடிச்சுப் பாருங்க தாத்தா, எழுந்து ஓடுவீங்க" என்று யாராவது சொன்னால் ஆசை வராதா? சில பொட்டலங்கள் சொன்னபடியே வேலை செய்யும். அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். வேரும் பட்டையும் இத்தனை விரைவில் வலியை ஓட்டுவதில்லை. டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து சில ஜாமுகளில் களவாகக் கலந்திருப்பதை நமது சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

ஸ்டீராய்டு விஷமன்று. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அந்த இனத்து ஹார்மோனை நாள்தோறும் சுரக்கின்றன. 1948-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் டாக்டர் பிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் முடங்கிய பெண் ஒருவருக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் நடந்தார். 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. மறுபக்கம் பிறகுதான் தெரிந்தது.

இரைப்பையில் ஊறும் அமிலம் இறைச்சியையே கரைக்கும். இரைப்பை தன்னைத்தானே தின்றுவிடாமல் காப்பது உட்சுவரில் படர்ந்த வழவழப்பான சளிப்படலம். அதை ஊற வைக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை ஸ்டீராய்டு குறைத்துவிடுகிறது. அமிலம் பெருகுவதைவிட இந்தக் காப்பு மெலிவதே பெரிய கேடு. உண்டான புண்ணும் எளிதில் ஆறாது. கொடுமை என்னவென்றால், வலியையும் அது அமுக்கிவிடும். இரைப்பை ஓட்டையான பிறகே சிலருக்கு விஷயம் தெரிகிறது!

ஸ்டீராய்டு மட்டும் என்றால் புண் ஆபத்து அவ்வளவு அதிகமில்லை. டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் சேரும்போதுதான் வினை. 1991-ல் அமெரிக்க முதியோரிடம் நடந்த ஆய்வில், இரண்டையும் சேர்த்து உண்டவர்களுக்கு, இரண்டையும் தொடாதவர்களைவிட ஆபத்து ஏறக்குறைய 15 மடங்கு. கிளினிக் மாத்திரையோடு கலப்பட ஜாமுவும் குடிப்பவர் அறியாமலே இதில் சிக்குகிறார்.

ஆஸ்துமாவுக்கு டாக்டர் அளந்து தரும் ஸ்டீராய்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆனால் பாரம்பரிய மருந்து வாங்கும்போது, 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'டி' எழுத்தில் முடியும் பதிவெண் இருக்கிறதா பாருங்கள். முகம் நிலாப்போல் உப்பினால் டாக்டரைப் பாருங்கள். மலம் தார்போல் கறுத்தால் அன்றே கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மாதக்கணக்கில் குடித்தவர்கள் பயந்து ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. அட்ரினல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். திட்டுவார் என்று டாக்டரிடம் ஒளிப்பவர்கள் நம்மில் அதிகம். அவருக்குத் தெரிந்தால்தான் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்த முடியும்.